ஆதாம் இருந்தவரா? ஒரு பெடியன் கேட்ட கேள்விக்கு நீளமான பதில்

எங்கள் பங்கில் ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு. கிளிநொச்சியிலிருந்து கிழக்கே உள்ளுக்குப் போகிற ஒரு கிராமம், மண்டபத்துக்கு அரைச்சுவர்தான், காற்றடித்தால் வயல் தூசி எல்லாம் பிள்ளைகளின் கொப்பியில் வந்து படியும். போன மாதம் பத்தாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் பள்ளிக்கூட விஞ்ஞானக் கொப்பியையும் கையோடு கொண்டுவந்திருந்தான். எழும்பி நின்று கேட்டான்: "ரீச்சர், ஆதாம் உண்மையா இருந்தவரா? சோதனைக்கு ஒண்டு எழுதுறன், இஞ்ச வேற ஒண்டு படிக்கிறன். ரெண்டில எது பொய்?"

அவன் குறும்புக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, கொஞ்ச நாளாக மனதில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன், ஏனென்றால் அவனுடைய தாயும் தகப்பனும் அதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள், கேட்க வெட்கப்படுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் நேரே சொல்லிவிடுகிறேன். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் இருந்தார் என்று சொல்கிற அர்த்தத்தில், அதாவது இன்ன காலத்தில் இன்ன இடத்தில் வாழ்ந்த ஓர் ஆள் என்ற அர்த்தத்தில், ஆதாமையோ ஏவாளையோ அவர்களின் பிள்ளைகள் காயினையோ ஆபேலையோ வரலாற்று மனிதர் என்று காட்ட எந்த ஆதாரமும் இல்லை. ஆறாயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு சோடியிலிருந்துதான் உலகத்துச் சனம் முழுக்க வந்தது என்பது நடக்கவில்லை என்று உறுதியாகவே சொல்லலாம். அதற்காக, இவர்களின் கதை வருகிற விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல் பொய் சொல்கிறது என்று ஆகாது. தன்னை எப்படி வாசிக்கவேண்டும் என்று அந்த நூலே உள்ளே அடையாளம் போட்டு வைத்திருக்கிறது, தமிழில் வாசிக்கிற எங்களுக்கு அது மறைந்துபோகிறது.

பெயர்களைப் பாருங்கள். எபிரேய மொழியில் 'ஆதாம்' என்றால் மனிதன். 'அதாமா' என்றால் நிலம், உழுகிற மண். 'அதோம்' என்றால் சிவப்பு. இரணைமடுப் பக்கத்துச் செம்மண் தரையில் நிற்கிறவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. தமிழாக்குவதென்றால் 'மண்ணவன்' என்று எழுதலாம், அதாமாவிலிருந்து எடுத்த ஆதாம். அதற்கு மேலே இன்னொன்று: இரண்டாம் மூன்றாம் அதிகாரங்களில் பெரும்பாலும் இந்தச் சொல்லின் முன்னால் 'ஹ' என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கிறது, 'அந்த' என்று பொருள். எபிரேயத்தில் ஆட்பெயருக்கு முன்னால் அதைப் போடுவதில்லை. ஆகவே அங்கே மூலத்தில் வருவது 'அந்த மனிதன்' என்பதுதான். ஆள் ஒருவரின் பெயராக அது தெளிவாக நிற்பது நாலாம் அதிகாரத்தின் கடைசியிலும் ஐந்தாம் அதிகாரத்தின் தலைமுறை அட்டவணையிலும்தான்.

ஏவாள் என்ற பெயர் 'ஹவ்வா', உயிர் என்ற சொல்லோடு சேர்ந்தது, அதை அந்த வசனமே சொல்லிவிடுகிறது: உயிருள்ளோர் எல்லாருக்கும் தாய். ஆபேல் என்பது 'ஹெவெல்', வாயிலிருந்து வந்து உடனே கரைந்துபோகிற மூச்சுக்காற்று. சபை உரையாளர் நூலில் எல்லாம் வீண், வீண் என்று வருகிறதே, அங்கே 'வீண்' என்று நாங்கள் வாசிக்கிற சொல்லும் இதே ஹெவெல்தான். அந்தப் பிள்ளை கதைக்குள் வருகிறான், ஆடு மேய்க்கிறான், காணிக்கை கொடுக்கிறான், அண்ணன் காயினின் கையால் சாகிறான். ஒரு வார்த்தைகூடக் கதைக்கவில்லை, நாலாம் அதிகாரத்தை எத்தனை தரம் வாசித்தாலும் அவன் வாயிலிருந்து ஒன்றும் வராது. பெற்ற பிள்ளைக்குக் 'கரைகிற மூச்சு' என்று எந்தத் தாய் பெயர் வைப்பாள்? எழுதியவருக்கு முடிவு முன்பே தெரியும், கேட்கிற சனத்துக்கும் தெரியும், பெயரைச் சொன்ன உடனேயே இந்தக் கதை எந்த வகை என்று எபிரேயம் பேசிய சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்கும்.

அடுத்த அடையாளத்தைத் தமிழ் விவிலியத்தை வைத்தே வீட்டில் பார்க்கலாம். கத்தோலிக்கர் கையில் இருக்கிற திருவிவிலியத்தைத் திறந்து முதலாம் அதிகாரத்தை வாசித்தால் 'கடவுள்' என்று வந்துகொண்டே இருக்கும். இரண்டாம் அதிகாரம் நாலாம் வசனத்தின் நடுவில் திடீரென்று 'ஆண்டவராகிய கடவுள்' என்று மாறும். (பழைய பெயர்ப்பு வைத்திருக்கிற சபையார் 'தேவன்' எங்கே 'தேவனாகிய கர்த்தர்' ஆகிறது என்று பாருங்கள், அதே இடம்தான்.) பெயர் மாறுகிற இடத்தில் கதையும் மாறுகிறது. முதலாவதில் செடிகொடி, பறவை, மிருகம் எல்லாம் வந்த பிறகு, கடைசியில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே வருகிறார்கள். இரண்டாவதில் நிலத்தில் புல்லுக்கூட முளைக்காத நேரத்தில் முதல் ஆளாக மனிதன் மண்ணிலிருந்து உருவாகிறான், பிறகு மரங்கள், பிறகு மிருகங்கள், எல்லாம் முடிந்து அவனுக்குத் துணை இல்லை என்று கண்டு பெண். இரண்டும் வேறு வேறு கதைகள், வேறு வேறு காலத்தவை. நூலைத் தொகுத்தவர்கள் கெட்டிக்காரர்கள், அவர்களுக்கு இந்த ஒழுங்கு முரண்படுவது தெரியாமல் இருந்திருக்காது. ஒன்றை அழித்து மற்றதோடு பொருத்தலாமே, செய்யவில்லை. நடந்ததை நடந்தபடி அறிக்கை எழுதுகிறவன் இப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கமாட்டான்.

சரி, அப்படியென்றால் ஒருவரை வரலாற்று மனிதர் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? இதுதான் அந்தப் பெடியனுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டியிருந்தது.

பண்டாரவன்னியனை எடுங்கள். அவரைச் சுற்றி எத்தனையோ நாட்டுக்கதை உண்டு, நாடகம் உண்டு, அவருடைய முடிவைப் பற்றியே ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் அவரோடு சண்டை போட்ட ஆங்கிலேயன் எழுதி வைத்திருக்கிறான். கற்சிலைமடுவில் 1803 ஒக்ரோபர் 31 என்று திகதி போட்டுக் கல் நட்டான். 1895 இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கையேட்டிலும் அவர் வருகிறார். எதிரி எழுதிய எழுத்து, ஒரு திகதி, ஓர் இடம். கதையில் எவ்வளவு பூச்சு இருந்தாலும் அடியில் ஓர் ஆள் நிற்கிறார். குளக்கோட்டனிடம் வந்தால் நிலம் இளகத் தொடங்குகிறது, குளமும் கோயிலும் கட்டிய ஓர் அரசன் என்று பாரம்பரியம் சொல்கிறது, எந்தக் காலம் என்பதில் பாரம்பரியங்களே ஒத்துப்போவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் சனத்துக்கு நல்லாகத் தெரியும். விவிலியத்தைத் திறந்தவுடன் மட்டும் அதை மறந்துவிட்டு, எல்லாம் ஒரே தரம், ஒன்றில் முழுக்க உண்மை அல்லது முழுக்கப் பொய் என்று நினைத்துவிடுகிறோம்.

விவிலியத்திலேயே ஓர் ஆளை அப்படித் தொட்டுக் காட்டலாம். யோயாக்கின் என்று ஒரு யூதா அரசன். 18 வயதில் பட்டத்துக்கு வந்தான், மூன்று மாதம்தான் இருந்தான், கி.மு. 597 இல் பாபிலோன் அரசன் நெபுகத்னேசர் எருசலேமைப் பிடித்து அவனைக் குடும்பத்தோடு கொண்டுபோனான். அரசர்கள் இரண்டாம் நூலின் கடைசி வரிகள் அவனைப் பற்றியவைதான்: பாபிலோனில் அவனுக்கு நாள்தோறும் உணவுப் பங்கு கிடைத்தது என்று சொல்லி அந்த நூல் முடிகிறது. 1899 தொடங்கி 1917 வரை ராபர்ட் கோல்டவே என்ற ஜெர்மானியர் பாபிலோனைத் தோண்டினார். அங்கே அரண்மனைக் கணக்கு எழுதிய களிமண் பலகைகள் கிடைத்தன. 1939 இல் ஏர்ன்ஸ்ட் வைட்னர் அவற்றை வாசித்து வெளியிட்டபோது ஒரு பலகையில் யூதா நாட்டு அரசன் யோயாக்கினுக்கு எண்ணெய் இவ்வளவு, அவனுடைய ஐந்து மக்களுக்கு எண்ணெய் இவ்வளவு என்று எழுதியிருந்தது.

இதை நான் முதன்முதல் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 2009 இல் முகாமில் எங்கள் குடும்பத்துக்குத் தந்த நிவாரண அட்டை இப்போதும் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறது. குடும்பத் தலைவர் பெயர், ஆட்கள் எத்தனை, அரிசி, மா, சீனி, பருப்பு, எண்ணெய், கொடுத்த திகதிக்கு நேரே ஒரு கையெழுத்து. 'எண்ணெய்' என்ற நிரலில் நீல மையால் போட்ட சரி அடையாளங்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் கழித்து யாராவது அதை எடுத்தால் நாங்கள் இருந்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி, நாங்கள் பாடிய பாட்டும் சொன்ன கதையும் இல்லை. யோயாக்கின் இருந்தான் என்பதற்கும் அவனுடைய எண்ணெய்க் கணக்குத்தான் சாட்சி. ஆதாமுக்கு அப்படி ஒரு கணக்கும் வராது, வரவும் முடியாது. எழுத்தே சுமார் ஐயாயிரம் வருடத்துக்கு முன்னர்தான் வந்தது.

யோயாக்கினுக்குப் பத்து வருடம் பின்னால் எருசலேம் கோயிலையும் எரித்து மிச்சச் சனத்தையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். தொடக்கநூலின் முதலாம் அதிகாரம் இந்த நாடுகடத்தல் காலத்தில் அல்லது அதை ஒட்டி உருவானது என்பது விவிலிய ஆய்வாளர் பலருடைய முடிவு, எனக்கும் அதுதான் பொருந்துவதாகப் படுகிறது. கோயில் இல்லை, காணி இல்லை, அரசன் இன்னொருவன் வீட்டில் எண்ணெய் வாங்கிச் சாப்பிடுகிறான், சுற்றிவர வென்றவர்களின் தெய்வங்கள், அவர்களின் படைப்புக் கதைகள். அந்தக் கதைகளும் எங்களுக்கு இப்போது தெரியும். 1872 இல் லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் நினிவேயிலிருந்து வந்த உடைந்த பலகை ஒன்றை வாசித்துக்கொண்டு போகும்போது வெள்ளம், மலையில் தட்டிய கப்பல், கரை தேட விட்ட புறா என்று வரவர உறைந்துபோனார். கில்கமேசு காவியத்தின் பதினோராம் பலகை அது. அங்கே புறா, தகைவிலான், காகம், தொடக்கநூலின் நோவா கதையில் காகம், புறா.

இன்னும் பழைய அத்ரகாசிசு என்ற பாபிலோனியக் கதையில் மனிதன் எப்படி வந்தான் தெரியுமா? சின்னத் தேவர்கள் வாய்க்கால் வெட்டி வெட்டிக் களைத்துப்போய், மண்வெட்டியையும் கூடையையும் நெருப்பில் போட்டுவிட்டுப் பெரிய தேவனின் வாசலில் போய் நிற்கிறார்கள். அப்புறம் ஒரு தேவனைக் கொன்று அவனுடைய சதையையும் இரத்தத்தையும் களிமண்ணோடு குழைத்து மனிதனைச் செய்கிறார்கள், இனி வாய்க்கால் வேலை அவனுடையது என்று. மண்ணிலிருந்து மனிதன் என்பது அந்தப் பக்கத்து எல்லாருக்கும் பொதுவான பேச்சு. பாபிலோனில் தேவனின் சாயல் என்ற பட்டம் அரசனுக்குரியது, வாய்க்கால் வெட்டுகிறவனுக்கு இல்லை. தொடக்கநூல் அதே களிமண்ணை எடுத்து, அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஆணும் பெண்ணும் உட்பட மனிதர் எல்லாரும் கடவுளின் சாயல் என்று சொல்கிறது. எனக்கு இந்த இடம்தான் முழு நூலின் உயிர். முகாமில் தறப்பாளுக்குக் கீழே படுத்திருக்கும்போது அம்மம்மா எங்கள் ஊரின் முதல் ஆள் காடு வெட்டிக் குளம் கட்டின கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுவா. அந்த முதல் ஆளின் பிறந்த திகதியை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அட்டையில் எத்தனையாவது இலக்கம் என்று மட்டும் கேட்கிற ஓர் இடத்தில் நாங்கள் யார் என்று சொல்ல அவவுக்கு அந்தக் கதை தேவைப்பட்டது.

ஆதாம் 930 வருடம், மெத்துசேலா 969 வருடம் என்கிற வயதுகளும் அந்த மண்ணின் எழுத்துமுறைதான். சுமேரிய அரசர் பட்டியலில் வெள்ளத்துக்கு முந்தின எட்டு அரசர்கள் சேர்ந்து 241,200 வருடம் ஆண்டார்கள், முதலாமவன் அலுலிம் மட்டும் 28,800 வருடம். வெள்ளம் வந்த பிறகு எண்கள் சடாரென்று இறங்குகின்றன, தொடக்கநூலிலும் அப்படியே. இந்த எண்களைக் கூட்டித்தான் ஐரிசுப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650 இல் உலகம் கி.மு. 4004 இல் படைக்கப்பட்டது என்று எழுதினார். எபிரேய, சமாரிய, கிரேக்கப் படிகளில் அதே எண்கள் வேறுவேறாக இருப்பதை மட்டும் சொல்லிவிட்டு இதைக் கடந்துபோகிறேன்.

விஞ்ஞானக் கொப்பியின் பக்கத்துக்கு வருவோம். மொரோக்கோவின் ஜெபெல் இர்கூட்டில் கிடைத்த மனித எலும்புகள் சுமார் 300,000 வருடம் பழையவை. இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, எங்கள் காலடியிலேயே இருக்கிறது: தொல்லியலாளர் சிரான் தெரணியகல ஆராய்ந்த பழைய சரளைக்கல், செம்மண் படிவுக்கு 'இரணைமடுப் படிவு' என்றுதான் பெயர். அதில் கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன, தெற்கே புந்தல பக்கத்தில் அதே வகைப் படிவுக்கு ஏறத்தாழ 125,000 வருடம் என்று கணித்திருக்கிறார்கள். நாங்கள் நெல்லுக்குத் தண்ணீர் வாங்குகிற குளத்தின் பெயரை உலகத்து ஆய்வாளர்கள் ஆதிமனிதனைப் பற்றி எழுதும்போது எழுதுகிறார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது என்பது எனக்குப் பெரிய கவலை.

'மைற்றோகொண்ட்ரியல் ஏவாள்' என்று ஒரு பேச்சு இணையத்தில் சுற்றுகிறது, விஞ்ஞானம் ஏவாளைக் கண்டுபிடித்துவிட்டது என்று வாட்ஸப்பில் எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். 1987 இல் ரெபேக்கா கான் என்பவரும் கூட்டாளிகளும் எழுதிய ஆய்விலிருந்து வந்தது இது. தாய்வழியாக மட்டும் இறங்குகிற ஒரு மரபணுத் துண்டைப் பின்னால் பின்னால் பிடித்துக்கொண்டு போனால் இன்றைய எல்லாருக்கும் பொதுவான ஒரு பெண்ணில் போய் முடியும், அவ்வளவுதான். அவள் காலத்தில் வேறு ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள், அவர்களின் இரத்தமும் மற்ற வழிகளால் எங்களில் ஓடுகிறது. தகப்பன்வழியில் அதேபோல் ஒருவர் உண்டு, அவர் இவளின் புருஷன் இல்லை. மனித மூதாதையரின் தொகை எந்தக் காலத்திலும் இரண்டு பேர் என்ற அளவுக்கு இறங்கவில்லை என்பதுதான் மரபணுக்கள் சொல்வது. நல்ல நோக்கத்தோடுதான் அனுப்புகிறார்கள், ஆனால் பிள்ளை வளர்ந்து உண்மையைக் கண்டுபிடிக்கிற நாளில் விசுவாசமும் சேர்ந்து உடையும்.

அப்போ திருச்சபை என்ன சொல்கிறது? ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும், இங்கே ஒரு கடினமான முடிச்சு இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர், கடவுள் தோட்டக்காரனைப்போல மரம் நட்டார் என்பதை எழுத்துக்கு எழுத்து நம்புகிற புத்தியில்லாதவன் யார் என்று கேட்டார். அகுஸ்தீனார், இயற்கையைப் பற்றித் தெரியாமல் கிறிஸ்தவர்கள் வாய்விட்டு மற்றவர் முன்னால் வெட்கப்படக்கூடாது என்று எச்சரித்தார், ஆனாலும் அவரே ஆதாமை உண்மையான ஆளாகத்தான் நம்பினார். 1950 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றார், ஆனால் பல முதல் பெற்றோர் என்ற கருத்தை, ஆதாமின் பாவம் எல்லாருக்கும் இறங்குகிறது என்ற ஆதிப்பாவப் போதனையோடு எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை என்று கதவைச் சாத்தியே வைத்தார். 1992 ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் மூன்றாம் அதிகாரம் உருவக மொழியில் எழுதப்பட்டது என்கிறது, அதே மூச்சில், மனித வரலாற்றின் தொடக்கத்தில் உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறது என்றும் உறுதியாகச் சொல்கிறது. 1996 இல் இரண்டாம் யோவான் பவுல் பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று எழுதினார்.

முடிச்சு பவுலடியாரிடம் இருக்கிறது. உரோமையர் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு மனிதனால் பாவம் வந்தது, ஒரு மனிதனால் மீட்பு வந்தது என்று இரண்டையும் தராசில் வைக்கிறார். ஒரு தட்டில் ஆள் இல்லை என்றால் மறுதட்டு என்ன ஆகும் என்று சுதந்திர சபைகளில் இருக்கிற என் சிநேகிதர்கள் கேட்கிறார்கள், நியாயமான பயம். ஆதாமை முதல் நபியாக மதிக்கிற முஸ்லிம் சகோதரருக்கும் இது சின்ன விஷயம் இல்லை, பாவா ஆதம் மலை என்று அவர்கள் சொல்கிற சிவனொளிபாதமலை ஏறி அடிச்சுவட்டைப் பார்ப்பதும் இராமேஸ்வரத்தில் ஆபில் காபில் அடக்கத்தில் ஓதுவதும் தலைமுறைகளாக நடக்கிறது. என் எண்ணத்தில் பவுலடியாரின் தராசில் உண்மையான பாரம், நாங்கள் எல்லாரும் ஒரே முறிவுக்குள் பிறக்கிறோம் என்பதுதான், அதற்கு ஒரு தனி ஆளின் பிறப்புப் பதிவு தேவையில்லை. இதை ஏற்காத நல்ல குருமார் இருக்கிறார்கள், அவர்களிடமும் பிள்ளைகளை அனுப்பிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

காயினுக்குப் பெண்சாதி எங்கிருந்து வந்தாள் என்ற பழைய கேள்வியையும் வகுப்பில் கேட்டார்கள். சகோதரியைக் கட்டினான் என்பது மரபான பதில், ஐந்தாம் அதிகாரத்தில் ஆதாமுக்கு வேறு மகன்களும் மகள்களும் பிறந்ததாக வருகிறது. ஆனால் கதையில் காயின் தன்னைக் காண்கிறவர்கள் கொன்றுவிடுவார்கள் என்று பயப்படுகிறான், பிறகு நகரம் ஒன்றைக் கட்டுகிறான். கொல்ல ஆட்கள் யார், நகரத்தில் குடியிருக்க ஆட்கள் யார்? கதை சொன்னவர் சனம் நிறைந்த உலகத்தை மனதில் வைத்துத்தான் சொல்கிறார். உன் தம்பி எங்கே என்று கடவுள் கேட்பதும், எனக்குத் தெரியாது, நான் என்ன அவனுக்குக் காவல்காரனா என்று காயின் சொல்வதும், மண்ணிலிருந்து இரத்தம் கத்துவதும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்து கேட்கத் தொடங்கியதும் அந்த ஒரே கேள்வியைத்தான். அந்தக் கொட்டிலில் போய் ஆபேல் எந்த வருடத்தில் பிறந்தவன் என்று என்னால் கேட்க முடியாது.

பெடியன் விடவில்லை. "அப்ப ஆபிரகாம்?" என்றான். அங்கேதான் நிலம் மெல்ல மெல்ல இறுகத் தொடங்குகிறது என்று சொன்னேன். ஆபிரகாமின் பெயர் சொல்கிற வெளிச் சாட்சி கிடையாது, ஆனால் அவர் கதையில் வருகிற ஊர்களில் பல தோண்டி எடுக்கக்கூடிய ஊர்கள். இஸ்ரயேல் என்ற சனத்தின் பெயர் எகிப்திய அரசன் மெர்னெப்தாவின் கல்வெட்டில் ஏறத்தாழ கி.மு. 1208 இல் வருகிறது. அரசன் தாவீதின் வீடு என்று செதுக்கிய கல் 1993 இல் வடக்கே தெல் தானில் உடைந்த துண்டாகக் கிடைத்தது. இன்னும் நூறு நூற்றைம்பது வருடம் கீழே வந்தால் அரசர்கள் வரிசையாகவே அயல்நாட்டு எழுத்துகளில் நிற்கிறார்கள், அப்படியே வந்து யோயாக்கினின் எண்ணெய்க் கணக்கில் சேரலாம். அவன் விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கத்தில் மேலே 'மண்ணவன்' என்றும் அடியில் 'யோயாக்கின்' என்றும் எழுதி, நடுவில் ஒரு கோடு இழுத்து, தாவீதை எங்கே வைப்பது என்று கேட்டான். நான் கோட்டின் கீழ்ப்பாதியில் விரலை வைத்தேன்.